புள்ளியும் பிள்ளையும்: பள்ளிகள் கல்வியை அளக்கும் முறை

ஆண்டிறுதியில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்துத் தேர்ச்சி அறிக்கையைக் கையில் அளிக்கும் நாளன்று, ஆசிரியர்களாகிய எங்களிடம் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி ஒன்றே. "என் பிள்ளை வகுப்பில் எத்தனையாவது, ஐயா?" என்பதே அக்கேள்வி. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இரவு வேலையை முடித்துவிட்டு, உறங்காமல் நேரே பள்ளிக்கு வரும் தந்தையும் இதையே கேட்கிறார். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் பாட்டியும் இதையே கேட்கிறார். ஆனால் அறிக்கையில் அவர்கள் தேடும் எண் இருப்பதில்லை. 'அடைவுநிலை 3', 'அடைவுநிலை 4' என்றே அதில் எழுதப்பட்டிருக்கிறது. இதனைக் கண்ட பெற்றோர் சிலர், "எங்கள் காலத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது, இப்போது ஒன்றும் விளங்கவில்லை" என்று வருந்திச் செல்கின்றனர்.

அவ்வருத்தம் நியாயமானதே. தம் பிள்ளை கற்கிறானா இல்லையா என்பதை அறியும் உரிமை ஒவ்வொரு பெற்றோருக்கும் உண்டு. ஆகவே, பள்ளிகள் கல்வியை எவ்வாறு அளந்து வந்துள்ளன, அவ்வளவைகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டத் தவறுகின்றன என்பவற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக விளக்க முற்படுகிறோம்.

அளத்தல் எதற்காக?

நம்மில் பலருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் எழுந்து, மரங்களை வெட்டி, பாலை வாளியில் சேர்த்து, நிறுக்கும் இடத்திற்குக் கொண்டுசென்றவர்கள். அங்கே வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதிவிடுவதில்லை. 'மெட்ரோலாக்' என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று கண்டறிவர். மழைநீர் கலந்த பால் வாளியை நிறைக்கும். ஆயினும் அதில் ரப்பர் குறைவாகவே இருக்கும்.

கல்வியை அளப்பதும் இத்தகையதே. தேர்வுத் தாளில் தோன்றும் புள்ளி, வாளியின் எடையைப் போன்றது. சோதனைக்கு முதல்நாள் இரவு மனப்பாடம் செய்து, மறுவாரம் மறந்துபோகும் பாடமும் வாளியை நிறைக்கத்தான் செய்யும். அதனுள் நிலைத்து நிற்கும் அறிவு எவ்வளவு என்பதைக் காண வேறொரு கருவி வேண்டும். எடையே வேண்டாம் என்று எவரும் கூறமாட்டார். எடை மட்டும் போதாது என்பதே நாம் கூறவருவது.

நம் முன்னோர் கண்ட தரம்

மாணாக்கரைத் தரம் பிரித்தல் மேலைநாட்டார் நமக்குத் தந்தது என்று எண்ணற்க. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கரை முதல், இடை, கடை என மூன்றாகப் பகுக்கிறது. பாலையும் நீரையும் பிரித்து நல்லதைக் கொள்ளும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. உழைத்த அளவுக்கே விளைவு தரும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் திரும்பச் சொல்லும் கிளியும் இடை மாணாக்கருக்கு உவமை. ஓட்டைக் குடம், இங்கொரு வாய் அங்கொரு வாய் என்று மேயும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நல்லதை விட்டுக் கசடைப் பற்றும் நெய்யரி ஆகியன கடை மாணாக்கருக்கு உவமை.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. இவன் இத்தனை நூல் கற்றான் என்ற அளவை இங்குக் கூறப்படவில்லை. பாடத்தை எப்படி ஏற்றுக்கொள்கிறான் என்னும் பழக்கமே அளக்கப்படுகிறது. பழக்கம் மாறக்கூடியது. ஓட்டையை அடைத்தால் குடத்தில் நீர் நிற்கும்.

அந்நூலே மற்றோர் அளவையும் தருகிறது. ஆசிரியர் உரைத்ததை நன்கு உளங்கொண்டாலும் மாணவன் பெறுவது கல்வியில் கால் பங்கு. உடன்பயில்வோருடன் பழகிப் பெறுவது இன்னொரு கால் பங்கு. தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கும் நிறைகிறது என்பது அதன் கருத்து. இன்றைய தேர்வுத் தாள்களுள் பெரும்பாலானவை முதற்கால் பங்கையே அளக்கின்றன என்றால் மிகையாகாது.

நம் நாட்டில் தேர்வுகள் வளர்ந்த வரலாறு

மலாயாவின் தமிழ்க் கல்விக்குத் தொடக்கமாகக் கூறப்படுவது நம் பினாங்குத் தீவே. 1816ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனில் தொடங்கப்பட்ட பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடைபெற்ற தமிழ் வகுப்பே முதலாவது என்பர். அதன் இருநூறாம் ஆண்டை 2016இல் தமிழ்க்கல்வி அன்பர்கள் நாடெங்கும் நினைவுகூர்ந்தனர். பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் குறிப்பிட்ட தொகையினர் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று தோட்ட முதலாளிமாரைக் கட்டாயப்படுத்தியது. அப்பள்ளிகளில் படித்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குத் தொடக்கக் கல்வியே இறுதிக் கல்வியாக முடிந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றிருந்த காலம் அது.

சுதந்திரத்திற்குப் பின்னரும் சில ஆண்டுகள், தொடக்கப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறியோர்க்கு மட்டுமே மேற்படிப்பின் கதவு திறந்தது. தேறாதோர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பள்ளியை விட்டு நீங்கினர். அந்நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டது. 1965 முதல் பிள்ளைகள் தொடக்கப்பள்ளிக்குப் பின்னரும் தடையின்றிப் படிவம் மூன்று வரை கற்க வழி ஏற்பட்டது.

அதன்பின் ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வு நடைபெற்றது. 1983இல் கே.பி.எஸ்.ஆர். என்னும் புதிய கலைத்திட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகிய மூன்று அடிப்படைத் திறன்களை அது முன்னிறுத்தியது. அக்கலைத்திட்டத்திற்கு ஏற்ப 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடத்தப்பட்டது. 1997இல் அறிவியலும் அதில் சேர்ந்தது. தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மலாய்மொழியில் இரண்டு, தமிழ்மொழியில் இரண்டு, ஆங்கிலம், கணிதம், அறிவியல் என ஏழு தாள்களை எழுதினர். 'ஏழு ஏ' என்னும் சொல் அவ்வாறே நம் இல்லங்களில் புகுந்தது. ஏழு ஏ பெற்ற பிள்ளையின் படம் நாளிதழில் வந்தது, கோவிலில் மாலை விழுந்தது, உறவினர் பரிசளித்தனர். அம்மகிழ்ச்சியை நாம் குறைகூறமாட்டோம். ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் உழைப்பை ஊரார் அறிந்து போற்றிய நாள் அது.

2020இல் கோவிட் பெருந்தொற்றினால் அத்தேர்வு நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் கல்வியமைச்சு அதனை அறவே நீக்குவதாக அறிவித்தது. படிவம் மூன்று மாணவர்களின் பி.தி. 3 தேர்வும் 2022இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2019 முதல், ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரையிலான மாணவர்களுக்குப் பருவத் தேர்வுகள் கைவிடப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு மாணவர்கள் 2022/2023 கல்வித் தவணையிலிருந்து ஆண்டிறுதிச் சோதனையை எழுதலாயினர். அதன் வினாக்களைத் தேர்வு வாரியம் தயாரிக்க, விடைத்தாள்களைப் பள்ளி ஆசிரியர்களே திருத்தினர்.

அளவுகோல் மாறினால் பிள்ளை மாறுவானா?

ஒரே தேர்வின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றினால் என்ன நேரும் என்பதை 2014ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு யு.பி.எஸ்.ஆர். அறிவியல், ஆங்கில வினாத்தாள்கள் முன்கூட்டியே வெளிவந்துவிட்டன. அத்தாள்களை நாடு முழுவதும் உள்ள பிள்ளைகள் மீண்டும் எழுத நேர்ந்தது. தவறு செய்தோர் பெரியோர். தண்டனை பெற்றோர் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்.

2016இல் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. அவ்வாண்டு உயர்நிலைச் சிந்தனை வினாக்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஆங்கிலமும் இரண்டு தாள்களாயிற்று. முந்திய ஆண்டில் எல்லாப் பாடங்களிலும் ஏ பெற்றவர்கள் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். புதிய முறையில் அத்தொகை ஐயாயிரத்திற்கும் கீழே இறங்கியது. தேர்வெழுதியவர்களுள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரே அவ்வெற்றியைப் பெற்றனர். ஓர் ஆண்டுக்குள் நம் நாட்டுப் பிள்ளைகளின் அறிவு ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதா? இல்லை. மாறியது அளவுகோல். ஆயினும் அவ்வாண்டு எத்தனை வீடுகளில் பிள்ளைகள் தலைகுனிந்து நின்றிருப்பர்! 'ஏ' என்னும் எழுத்து பிள்ளையின் நெற்றியில் எழுதப்பட்டதன்று. ஒரு தாளுக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையே ஒருநாள் நிகழ்ந்த சந்திப்பின் பதிவே அது.

இடம் வேறு, நிலை வேறு

இனி, பெற்றோர் கேட்கும் 'எத்தனையாவது' என்னும் வினாவுக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். இருபத்தைந்து மாணவர் உள்ள வகுப்பில் கண்ணன் என்பவன் முதற் கணிதச் சோதனையில் 38 புள்ளி பெற்று 22ஆம் இடத்தில் நிற்கிறான். இரண்டாம் சோதனையில் 51 புள்ளி பெறுகிறான், இடம் 22. மூன்றாம் சோதனையில் 63 புள்ளி பெறுகிறான், இடம் 21. இடத்தை மட்டும் பார்க்கும் தந்தை, "ஆண்டு முழுவதும் நீ ஒன்றும் முன்னேறவில்லை" என்று கடிந்துகொள்வார். உண்மையில் அப்பிள்ளை 25 புள்ளி முன்னேறியிருக்கிறான். மற்றவர்களும் உடன் முன்னேறியதால் இடம் பெரிதும் மாறவில்லை, அவ்வளவே.

இடம் என்பது பிறரோடு ஒப்பிட்டுக் கூறுவது. நிலை என்பது கற்கவேண்டிய பாடத்தோடு ஒப்பிட்டுக் கூறுவது. வகுப்பில் எல்லாரும் நன்றாகக் கற்றாலும் ஒருவன் கடைசியில் நிற்பான். வகுப்பில் எவருமே கற்காவிட்டாலும் ஒருவன் முதலில் நிற்பான். ஆதலால் முதலிடம் பெற்ற பிள்ளையின் பெற்றோரும், "என் பிள்ளை எதைக் கற்றான்?" என்று கேட்டறிதல் நலம்.

இனி, ஒரே புள்ளி பெற்ற இருவரைக் காண்போம். இருபது வினாக்கள் கொண்ட தாளில் வள்ளியும் முருகனும் பன்னிரண்டு வினாக்களுக்குச் சரியாக விடையளித்து 60 புள்ளி பெறுகின்றனர். வள்ளி பிழைவிட்ட எட்டு வினாக்களும் பின்னம் பற்றியவை. முருகனுக்குப் பின்னம் நன்கு தெரியும். ஆனால் அவசரத்தில் எண்களை மாற்றி எழுதி, தாள் முழுவதும் அங்கங்கே எட்டு இடங்களில் தவறினான். புள்ளி ஒன்று, நோய் இரண்டு, மருந்தும் இரண்டு. 60 என்னும் எண்ணைக் கண்டு இருவருக்கும் ஒரே பயிற்சி நூலை வாங்கித் தரும் பெற்றோர், இருவரில் ஒருவருக்கும் உதவியவர் ஆகார்.

இதனை உணர்ந்தே, 2011இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் மாணவரின் தேர்ச்சியை ஆறு நிலைகளாக வகுத்தது. முதல் நிலையில் பிள்ளை அறிகிறான். இரண்டாம் நிலையில் அறிந்து புரிந்துகொள்கிறான். மூன்றாம் நிலையில் புரிந்துகொண்டதைச் செய்யவும் வல்லவனாகிறான். நான்காம் நிலையில் அதனைப் பண்புடன் முறையாகச் செய்கிறான். ஐந்தாம் நிலையில் போற்றத்தக்க முறையில் செய்கிறான். ஆறாம் நிலையில் பிறருக்கு முன்மாதிரியாகச் செய்கிறான். மூன்றாம் நிலையைக் குறைந்தபட்சத் தேர்ச்சி எனக் கொள்வர்.

பின்னப் பாடத்தையே கொண்டு இதனை விளக்குவோம். அரை, கால் என்னும் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவன் முதல் நிலையினன். ஓர் அப்பத்தின் இரண்டு கால் துண்டுகளைச் சேர்த்தால் அரை என்பதைப் புரிந்தவன் இரண்டாம் நிலையினன். அரையையும் காலையும் கூட்டி முக்கால் என்று விடை கண்டவன் மூன்றாம் நிலையினன். படிப்படியாகச் செய்முறையைக் காட்டிப் பிறர் படிக்கும்படி எழுதியவன் நான்காம் நிலையினன். புதிய கணக்குகளிலும் தவறாது அவ்வாறே செய்பவன் ஐந்தாம் நிலையினன். அருகில் அமர்ந்திருக்கும் தோழனுக்கு அதனை விளங்க உரைத்து, மாற்று வழியும் காட்டுபவன் ஆறாம் நிலையினன். நன்னூல் கூறிய அந்த அரைப் பங்கு இங்கே அளவைக்குள் வந்துவிட்டதைக் காண்க.

நாங்கள் செய்த ஒரு பிழை

அளவுகோல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பிடிக்கும் கையும் கவனமாக இருத்தல் வேண்டும். இதற்கு எங்கள் அனுபவத்திலிருந்தே ஒன்றைக் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். கணிதத்தில் பிரச்சினைக் கணக்குகள் வந்தால் விடை எழுதாமல் தாளை வெறுமையாக விட்டுவிடுவாள். கணிதத்தில் அவள் பின்தங்கியவள் என்று முடிவுசெய்து, குறைநீக்கல் குழுவில் சேர்த்து, ஒரு பருவம் முழுவதும் வாய்பாடு ஒப்புவிக்கச் செய்தோம். அவளும் மறுசொல் கூறாது ஒப்புவித்தாள். ஆனால் தேர்வில் மாற்றம் ஏதும் இல்லை.

ஒருநாள் ஆசிரியை ஒருவர் அவளை அருகில் அழைத்து, தாளில் இருந்த வினாவைத் தாமே வாசித்துக் காட்டினார். "ஒரு கூடையில் 48 ரம்புத்தான் பழங்கள் உள்ளன. அவற்றை 6 பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை?" அவர் வாசித்து முடிக்குமுன்னரே "எட்டு, டீச்சர்" என்றாள் அச்சிறுமி. அடுத்த வினாவுக்கும் அவ்வாறே விடை கூறினாள். கணக்கு அவளுக்குத் தெரிந்தேயிருந்தது. வினாவை வாசிக்கத்தான் தெரியவில்லை. நீண்ட வாக்கியத்தைக் கண்டதும் அஞ்சி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டாள். கணிதத் தாள் அவளுடைய கணித அறிவை அளக்கவில்லை. வாசிப்புத் திறனையே அளந்தது. நாங்களோ, அது காட்டிய எண்ணைக் கணிதத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். ஒரு பருவ காலம் அப்பிள்ளை வேண்டாத மருந்தை உண்டாள். அப்பிழை எங்களுடையதே. அதன்பின் நாள்தோறும் சிறிது நேரம் அவளோடு அமர்ந்து வாசிக்கத் தொடங்கினோம். கணிதத்தில் அவள் எழுதும் விடைகளும் மெல்லப் பெருகின.

அன்றுமுதல், வெறுமையாக விடப்பட்ட விடையைக் கண்டால் உடனே சுழியம் இடாமல், ஒருமுறை வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தலை வழக்கமாக்கிக் கொண்டோம்.

தள்ளுவதற்கா, தாங்குவதற்கா?

இவ்விடத்தில் பிரான்சு நாட்டு அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். அல்பிரட் பினே என்பவர் 1905இல், தியோடோர் சிமோன் என்பவருடன் இணைந்து, பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் சோதனையை உருவாக்கினார். பாரிஸ் நகரப் பள்ளிகளில் தனிக் கவனிப்பு வேண்டும் பிள்ளைகள் யாவர் என்பதைக் கண்டறிந்து, அவர்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டது, அதனைப் பெருக்க இயலாது என்னும் கொள்கையை அவர் கடிந்துரைத்தார். ஆனால் அவர் காலத்திற்குப் பின், அச்சோதனை கடல்கடந்து சென்று, மனிதரை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தவும் ஒதுக்கவும் பயன்பட்டது. தாங்குவதற்காகச் செய்யப்பட்ட கோல் தள்ளுவதற்குப் பயன்பட்ட வரலாறு இது.

தொழிற்சாலையில் பணிபுரியும் பெற்றோர்க்கு இது எளிதில் விளங்கும். மின்னணுப் பொருளைச் சோதிக்கும்போது, தரத்தில் குறைந்ததைத் தனியே எடுத்துக் கழித்துவிடுகின்றனர். அங்கே அது முறையே. பள்ளியில் கழிவுத் தொட்டி கிடையாது. தரம் குறைந்ததாகக் காணப்படும் பிள்ளையை முதலில் கைப்பிடித்து அழைத்துவரவே இங்குச் சோதனை நடத்துகிறோம்.

தேர்வே வேண்டாமா?

இதுவரை கூறியதைக் கொண்டு, தேர்வும் புள்ளியும் தேவையில்லை என்று நாம் சொல்வதாக எவரும் கருதலாகாது. அளவாமல் விடுவதும் ஒரு கொடுமையே. நம் நாட்டில் பிள்ளை ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குத் தானாகவே ஏறிவிடுகிறான். இது நன்று, ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் எவர் கண்ணிலும் படாமல் ஆறாம் ஆண்டு வரை சென்றுவிடக் கூடும். அமைதியாகப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கே இவ்வாபத்து மிகுதி.

தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இது வெறும் கருத்தன்று. யு.பி.எஸ்.ஆர். நடைபெற்ற காலத்தில், மலாய்மொழித் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாதோர் படிவம் ஒன்றிற்குச் செல்லுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்றனர். அவ்வகுப்பில் ஊன்றிப் படித்து மேல்நிலைக்கு வந்தோர் பலர் உண்டு. ஆயினும் உடன்படித்த தோழர் ஒரு வகுப்பு முன்னே செல்ல, தாம் பின்தங்கியதை எண்ணி மனம் தளர்ந்து படிப்பையே விட்டவர்களையும் நாம் அறிவோம். அக்குறையைப் பன்னிரண்டாம் வயதில் கண்டறிவதைவிட எட்டாம் வயதில் கண்டறிந்திருப்பின், ஓராண்டு மிஞ்சியிருக்கும். சிலருக்கு வாழ்வே மிஞ்சியிருக்கும்.

நாட்டையும் இவ்வாறே அளக்கின்றனர். பல நாடுகளில் பதினைந்து வயது மாணவர்களுள் சிலரைத் தெரிந்தெடுத்து நடத்தப்படும் அனைத்துலக ஆய்வு 'பீசா' எனப்படும். 2018இல் மலேசிய மாணவர்களின் கணித சராசரி 440. 2022இல் அது 409 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு ஆய்வை நடத்தும் அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 472. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதன் பின் நடந்த அளவை என்பதனால், பல நாடுகளிலும் வீழ்ச்சி காணப்பட்டது. இவ்வெண் எந்த ஒரு பிள்ளையையும் பற்றிக் கூறுவதன்று. நாட்டின் கல்வி எங்கே நிற்கிறது என்பதையே கூறுகிறது. ஆயினும் அளந்ததனால்தான் வீழ்ச்சி தெரிந்தது. தெரிந்ததனால்தான் சீர்செய்யும் முயற்சி பிறக்கும். ஆகவே, ஒவ்வோர் அளவையையும் அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கே பயன்படுத்துதல் வேண்டும்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

அறிக்கையைப் பெறும் நாளில், 'எத்தனையாவது' என்பதற்கு மாற்றாகப் பின்வரும் வினாக்களை ஆசிரியரிடம் கேட்குமாறு வேண்டுகிறோம்.

1. என் பிள்ளை தானே வாசித்துப் பொருள் கூறுகிறானா? எந்த மொழியில் தடுமாறுகிறான்?

2. கடந்த பருவத்தில் செய்யத் தெரியாத எதனை இப்போது செய்கிறான்?

3. மூன்றாம் நிலையை எட்டாத பாடம் எது? அதில் எந்தப் பகுதி?

4. அதற்குப் பள்ளியில் என்ன செய்யப்போகிறீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்யவேண்டும்?

நான்காவது வினாவே தலையாயது. எங்களுக்குச் சற்றுக் கடினமானதும் அதுவே. அதற்கு விடை கூற முடியாத மதிப்பீடு, வெறும் காகிதத்தில் எழுதிய எண்ணாகவே முடியும். "எங்களுக்கு அவ்வளவு படிப்பில்லையே, ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது?" என்று தயங்கவேண்டா. கேட்பது உங்கள் உரிமை. விடை தருவது எங்கள் கடமை.

வீட்டில் செய்யத்தக்கதும் எளிதே. இரவு உணவுக்குப்பின் பத்து நிமிடம் பிள்ளையை அருகில் அமர்த்தி, அன்று கற்றதை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்களுக்கு அப்பாடம் தெரியாதிருப்பது குறையன்று, அதுவே நன்மை. தெரியாதவர்க்கு விளக்கும்போதுதான் பிள்ளையின் கல்வி நிறைவு பெறுகிறது. எங்கே தடுமாறுகிறானோ, அங்கேதான் ஓட்டை இருக்கிறது. அவ்விடத்தைக் குறித்துவைத்து ஆசிரியரிடம் கூறினால், ஒரு தேர்வுத் தாள் காட்டாததை நீங்கள் காட்டியவர் ஆவீர்.

மாணவச் செல்வங்களுக்கு

அன்புக்குரிய மாணவர்களே! திருத்திய தாள் கையில் வந்ததும் மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். சிவப்பு மையால் குறியிட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 'இது எனக்குத் தெரியாமல் வந்த பிழையா? தெரிந்தும் கவனமின்மையால் வந்த பிழையா? வினாவே புரியாமல் வந்த பிழையா?' என்று பிரித்து எழுதுங்கள். இம்மூன்றில் எது மிகுதியோ, அடுத்த மாதம் உழைக்கவேண்டிய இடம் அதுவே. நேற்றைய உங்களைவிட இன்றைய நீங்கள் ஓர் அடி முன்னே நின்றால், அதுவே உண்மையான தேர்ச்சி.

கூடுதல் புள்ளி பெற்றவரைக் கண்டு பொறாமை கொள்ளாதீர்கள். அவரிடம் சென்று கேளுங்கள். குறைந்த புள்ளி பெற்றவரைக் கண்டு நகையாதீர்கள், அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். இருவரும் வளர்வீர்கள்.

முடிவுரை

நம் முன்னோர் தோட்டத்தில் வாளியைச் சுமந்து நிறுவைக்குச் சென்றபோது, கருவி காட்டிய அளவை அவர்கள் மாற்ற இயலாது. அன்றைய கூலி அன்றே முடிந்தது. நம் பிள்ளைகளின் அளவு அத்தகையதன்று. இன்று இரண்டாம் நிலையில் நிற்கும் பிள்ளையை நாளை மூன்றாம் நிலைக்கு ஏற்றிவிட ஆசிரியரும் பெற்றோரும் உடன்பயிலும் தோழரும் இருக்கின்றனர். அறிக்கையில் உள்ள எண், பிள்ளை நிற்கும் படியைக் காட்டுகிறது. அடுத்த படியில் அவனை ஏற்றிவிட நம் கைகள் நீள வேண்டும். அதனை உளங்கொண்டு, வரும் ஆண்டில் பள்ளியும் இல்லமும் இணைந்து செயலாற்றுவோமாக!